எதிர்ப்புச் சக்தியைக் கூட்டலாமா, குறைக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 27. முதலில் ஒரு கண் மங்கியது. சில மாதம் கழித்து இடது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்றார்கள். ரிட்டுக்சிமாப் ஏற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க வேண்டுமாம். சொந்தக்காரர்களோ சீந்தில் பொடி கொடுத்து அதைக் கூட்டச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: நரம்பியல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். சீந்தில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் மகளின் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. ஆள் மாறித் தாக்குகிறது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமியைத் தாக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் இந்த உறையை அந்நியமாக நினைத்து, ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து அரிக்கின்றன. அவற்றுக்கு இலக்கைக் காட்டித் தூண்டிவிடுபவை பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள். உறை அழிந்த இடத்தில் நரம்புச் செய்தி தடைபடுகிறது. கண் மங்கியதும் கால் மரத்ததும் அதனால்தான்.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான சான்று உண்டு. 1980-களில் அமெரிக்காவில் இந்த நோயாளிகள் 18 பேருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை நடக்கும்போதே 7 பேருக்கு நோய் மீண்டும் கிளம்பியது. (இன்று இந்த நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா வேறு மருந்து.) சீந்திலால் சிலருக்குக் கல்லீரலே தன்னெதிர்ப்புத் தாக்குதலுக்கு ஆளானது இந்தியாவிலேயே பதிவாகியிருக்கிறது.

ரிட்டுக்சிமாப், சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்களை மட்டும் அகற்றும். கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த அடையாளம் இல்லை. அதனால் பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் தங்கிவிடும். ஆனால் உடலில் உறங்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் விழித்துக்கொள்ளலாம். ஆகவே அந்த வைரஸுக்கான ரத்தப் பரிசோதனைகளான மேற்பரப்பு ஆன்டிஜென் (HBsAg), கோர் ஆன்டிபாடி (anti-HBc) இரண்டையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் போதாது. காசநோய், இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி) அளவு ஆகிய பரிசோதனைகளும் தேவை. வேண்டிய தடுப்பூசிகளை முதல் டோஸுக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு போட்டால் உடல் சரியாக ஏற்காது. நோய் வேகமாக இருந்தால் மட்டும், தடுப்பூசிக்காக ரிட்டுக்சிமாபைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல்முறை ஏற்றும்போது குளிர், காய்ச்சல், அரிப்பு வரலாம். அதற்காகவே முன்கூட்டி மருந்து கொடுத்து, மெதுவாக ஏற்றுவார்கள். வீடு திரும்பிய பின் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலிலும் வெயிலிலும் பழைய மரப்பு சற்றுக் கூடி, உடல் குளிர்ந்ததும் அடங்குவது புதிய தாக்குதல் அல்ல. காய்ச்சல் இல்லாமல் புதிய குறைபாடு 24 மணி நேரத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.