அமெரிக்கப் பள்ளி உணவு விதிகளால் குழந்தைகளின் உடல் பருமனில் உள்ள இன வேறுபாடு குறைந்ததா?

ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்தது. இன வேறுபாடு மறையவில்லை. கலிபோர்னியாவில் மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் 2012 கல்வியாண்டிலிருந்து மதிய உணவு மாறியது. முழுதானிய ரொட்டி, கொழுப்பு குறைந்த பால், கலோரிக்கு உச்சவரம்பு. தட்டில் அரைக் கப் பழமோ காயோ இருந்தால்தான் அது சாப்பாடாகக் கணக்கில் சேரும். எடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் விதி, தின்றே ஆகவேண்டும் என்பதல்ல! மகளின் பள்ளியில் இதற்கென்றே ஒரு மேசை உண்டு. வேண்டாத ஆப்பிளையும் திறக்காத பால் டப்பாவையும் அதில் வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள். பசி அடங்காத பிள்ளை யாராவது எடுத்துக்கொள்ளும்.

அரசியலும் புகுந்தது. பீட்சா மேல் தடவும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கப் காய்கறியாகக் கணக்கு வைப்பது பழைய வழக்கம். பள்ளி உணவைக் கவனிக்கும் வேளாண் துறை அதை நிறுத்தப் பார்த்தது. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறுக்கே வந்து தடுத்துவிட்டது.

இருந்தும் சட்டம் வீண்போகவில்லை. 2020இல் வந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்று, இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் வறுமையில் உள்ள பிள்ளைகளிடையே 2018இல் பருமன் 47 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிடுகிற பிள்ளைக்குத் தட்டு மாறினால் உடம்பும் மாறும்தானே. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை.

இனவாரியாகப் பருமன் எவ்வளவு என்பதற்கு 2017–2020 அரசுக் கணக்கு இது: ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளில் 26.2 சதவீதம், கறுப்பினத்தவரில் 24.8, வெள்ளையரில் 16.6, ஆசியரில் 9.

பள்ளி வாசலுக்கு வெளியேதான் இந்த இடைவெளி வளர்கிறது என்பது என் எண்ணம். வருடத்தில் பள்ளி நடப்பதே சுமார் 180 நாள். கலிபோர்னியா 2004இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சோடாவை நிறுத்தியது. பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வசதியான பேட்டைகளில் பருமன் இறங்கியது. வசதி குறைந்த இடங்களில் ஏறுவது நின்றது, அவ்வளவுதான். துரித உணவு விளம்பரங்களும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளைக் குறிவைத்தே வருகின்றன. கம்பெனிக்காரர்கள் சாமர்த்தியசாலிகள்: 2014இல் நொறுக்குத்தீனிக்கும் விதி வந்ததும், பள்ளிக்கென்று சீட்டோஸ் என்ற மொறுமொறு தீனியை முழுதானியத்தில் தயாரித்தார்கள். அதே பெயர், அதே சிறுத்தைப் படம். மணி அடித்ததும் தெருமுனைக் கடையில் பழைய சரக்கு.

ஆசியருக்கு 9தான் என்று நம்மவர்கள் நிம்மதியடைய வேண்டாம். சீனர், இந்தியர், பிலிப்பினோ எல்லாரையும் ஒரே கட்டத்தில் அடைத்த எண் அது. பெரியவர்களில் ஆசியருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 23லேயே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே எச்சரித்திருக்கிறது.