நாலரை பஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரோடு புத்தகத் திருவிழாவில் நீங்கள் பேசியதை என் அம்மாவோடு உட்கார்ந்து கேட்டேன். உங்கள் முதல் நாவலைப் பற்றி ஒருவர் கேட்டதும் "அது குப்பைங்க, விடுங்க" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த காலத்தில், மதியச் சோற்று நேரத்தில் அவர் படித்த நாவல் அது. அட்டை கிழிந்த பிரதி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நானும் இணையத்தில் ஒரு காதல் தொடர் எழுதி முடித்திருக்கிறேன். 42 அத்தியாயங்கள். புத்தகமாகப் போடலாம் என்று ஏழு முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மோசமாகத் தெரிகிறது. நாம் எழுதியது நன்றாக இருக்கிறதா என்று நமக்கே எப்படித் தெரியும்? நாயகனின் பெயரை மாற்றலாமா? ஓர் அத்தியாயம் எத்தனை வார்த்தை இருக்கலாம்? நம் பக்கத்துப் பேச்சில் எழுதினால் சென்னை வாசகர்களுக்குப் புரியுமா? பேசாமல் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? முதல் மூன்று அத்தியாயங்களின் பழைய வடிவையும் புதிய வடிவையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஊத்துக்குளி

*

அன்புள்ள அம்மிணி,

என் மகள் வயசுதான் இருக்கும் போலிருக்கிறது, நீ என்றே எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுவோம். பெயரை மாற்று, இல்லை மாற்றாமல் இரு, அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வார்த்தையை எண்ணுகிற நேரத்தில் இன்னொரு பக்கம் எழுதலாம். நம் பேச்சு சென்னைக்காரர்களுக்குப் புரியுமா என்கிறாய். ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே தன் நாவலில் 'நாகம்மா'ளைக் கொங்குப் பேச்சில் பேசவிட்டுவிட்டார். எண்பது வருஷம் கழித்து இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே, வெட்கமாக இல்லை?

அழிக்காதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில் அவள் கண்கள் கலங்கின. புதியதில் அவள் விழிகள் பனித்தன. பழையதில் அவன் பார்த்தான். புதியதில் அவன் பார்வை அவள்மேல் படர்ந்தது. ஏழு தடவை உட்கார்ந்து நீ செய்த வேலை இவ்வளவுதானா? இதை எப்படிச் சொன்னால் உனக்கு உறைக்கும் என்று யோசித்தேன். உன் அம்மாவிடமே கேள். பிசிர் வெட்டுவது ஒரு வேலைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிங்கிலேயே கை கோணலாகப் போயிருந்தால், எத்தனை பிசிர் வெட்டினாலும் அந்தச் சட்டையை உன் அம்மா எடுத்து எந்தப் பக்கம் போட்டிருப்பார்?

உன் நாயகன் பெருந்துறைப் பக்கம் ஆறு ஏக்கர் தோட்டக்காரன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று அத்தியாயத்தில் ஒரு தடவைகூட அவன் தோட்டத்துக்குப் போகவில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டது யார், மோட்டார் போட்டது யார்? கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கேள்வி என்னுடையதல்ல, என் அம்மிச்சியுடையது, அம்மாவைப் பெற்றவர். முப்பது வருஷத்துக்கு முந்தி என்னைக் கேட்டது.

அவர்களைப் பற்றி எழுதத்தான் உன் கடிதத்தை எடுத்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளாகவே அந்த மாசி மாதம் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1996. எனக்கு 23 வயசு. உன் அம்மா சோற்று நேரத்தில் படித்தாரே, அந்த நாவலை எழுதி ஒரு மாத நாவல்காரருக்கு அனுப்பியிருந்தேன். போடுகிறோம் என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி: ஏழு ஃபாரம் (ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம்) வருகிறது, எங்களுக்கு ஆறு ஃபாரம்தான், 96 பக்கத்துக்குள் அடங்க வேண்டும், ஏதாவது ஓர் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், எது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். நல்ல மனுஷர். அவரே ஒன்றை வெட்டிப் போட்டிருந்தால் இத்தனை வருஷமும் அவரைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்திருப்பேன்.

கதை ஊட்டியில் நடக்கிறது. எஸ்டேட் முதலாளி, அவனுக்கு ஒரு பங்களா, ஒரு குதிரை. சிவகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிற பெண். நான் ஊட்டியைப் பார்த்தது ஒரே தடவை, பள்ளிக்கூடத்தில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப் போனபோது. பர்லியார் தாண்டியதும் வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுத்ததுதான் நன்றாக ஞாபகம் இருந்தது. அதை எழுதவில்லை. பனி என்று எழுதினேன்.

எதை வெட்டுவது? எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் மஞ்சள் வெட்டி முடிந்து, புளியமர நிழலில் குவித்திருந்தார்கள். விரலியைக் கிழங்கிலிருந்து ஒடித்துப் பிரிக்கிற வேலை. இரண்டையும் தனித்தனியாகத்தான் வேக வைப்பார்கள், விலையும் தனித்தனி. அம்மிச்சி ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து டப், டப் என்று ஒடித்துக்கொண்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. "சும்மா உக்காந்துட்டு இருக்கறயே கண்ணு, அந்தக் கதையத்தான் படியேன், கேக்கறேன்" என்றார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் நாளே தொடங்கிவிட்டது. "அந்தப் பையன் எந்நேரமும் குருதை மேலயே உக்காந்திருக்கறானே, தேயிலை பறிக்கற சனத்துக்குக் கூலி ஆரு குடுக்கறது?" இரண்டாம் நாள், "அந்தப் புள்ள மலைக்குப் போயி எட்டு நாளாச்சு. ஒரு வாய் சோறு உண்டாளா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே போய் ஐந்தாம் அத்தியாயத்தில் அவளுக்கு ரசமும் சோறும் போட்டேன். குதிரைக்காரனைச் சனிக்கிழமை கூலி போட வைத்தேன். ஏழு முறை திருத்தினேன் என்றாயே, எனக்குத் தெரிந்த திருத்தம் இதுதான். விழியும் நயனமும் அல்ல.

அப்புறம் கையைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். அம்மிச்சி முகத்தில் ஒன்றும் தெரியாது. "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டால் எதற்கும் "நெம்ப நல்லாருக்குது கண்ணு"தான். ஆனால் கை பொய் சொல்லாது. காதலன் நிலா வெளிச்சத்தில் கவிதை சொல்லும்போது டப்டப்டப் என்று ஒரே வேகம், கூடை நிறைந்துவிடும். டைப்பிஸ்ட் பெண் மாசச் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் போடும்போது கை மெதுவாகும். எது நல்ல பக்கம், எது செத்த பக்கம் என்று அந்தச் சத்தத்தை வைத்து மார்ஜினில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். உன் தொடருக்குக் கீழே வரிசையாக விழுகிற "சூப்பர் சிஸ்", "அடுத்த யூடி எப்போ" (அப்டேட்டைத்தான் அப்படிச் சுருக்குகிறார்கள்) எல்லாம் அந்த "நெம்ப நல்லாருக்குது கண்ணு"தான். அவற்றின் மேல் கோபப்படாதே, நம்பவும் நம்பாதே.

ஒன்பதாம் அத்தியாயம். நாயகி நோம்பிக்கு ஊருக்கு வருகிறாள். ஊட்டி இல்லை, குதிரை இல்லை, நாயகனே இல்லை. கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஓர் ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "பஸ் போயிருச்சுங்க. அடுத்தது நாலரைக்குங்க." அவ்வளவுதான் அவன் பேச்சு. அவளைவிட நாலைந்து வயசு மூத்தவன், இருந்தாலும் 'ங்க' போடுகிறான். நம் ஊரில் போடுவார்கள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரை வரைக்கும் அவன் போகவுமில்லை, பேசவுமில்லை. பாலத்து அந்தக் கடைசியில் அவன், இந்தக் கடைசியில் அவள், கீழே தண்ணி போகிறது. ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அதைப் படிக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மிச்சி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வருகிறதற்கு முன்னாலேயே, "போதும் கண்ணு, நாளைக்குப் படி" என்று எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். சாயந்திரம் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

அவ்வளவு சலித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

இத்தனை நாள் கையைப் படித்தவளுக்கு அந்தக் கையைப் படிக்கத் தெரியவில்லை பார். வெட்ட வேண்டியது எது என்று தெரிந்துவிட்ட சந்தோஷம். நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். "நாயகி ஊருக்குப் போய் வந்தாள்" என்று ஒரு வரி எழுதி இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். மறுநாள் விடியக்காலம் மஞ்சள் வேகப்போட்டார்கள். கொப்பரைக்கு அடியில் கரும்புச் சோகையும் காய்ந்த மஞ்சள் தழையும் போட்டுத் தீ மூட்டக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து, வெந்ததைக் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மிச்சி கேட்டார்கள்: "ஏங்கண்ணு, அந்தப் புள்ள நாலரை பஸ்ஸுல ஏறுனாளா?"

"அத எடுத்துட்டேன் அம்மிச்சி. உங்களுக்கே புடிக்கலயே."

"செரி" என்றார்கள். களத்தில் மஞ்சளைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டே அடுத்த மூலைக்குப் போய்விட்டார்கள்.

பின்னாளில் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அம்மிச்சி ஏன் எழுந்து போனார்கள் என்று. "முதுகு வலிச்சிருக்கும்" என்றார் அம்மா. இருக்கலாம். அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அப்புச்சி அப்போது உயிரோடு இருந்தார், நல்ல மனுஷர், ஒருவருக்கொருவர் ஒரு குறையும் வைத்துக்கொண்டதில்லை. கிளறக்கூடாது என்று எனக்கும் தோன்றியது.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன் ஒரு வேலை செய்திருக்கிறார். 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் முடித்துவிட்டார். எட்டு வருஷம் பிரிந்திருந்த இருவரும் கடைசியில் சேர வேண்டும். ஒரு கடற்படைத் தளபதி நடுவில் புகுந்து அவளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அவனை ஏவப்போய், அந்தச் சாக்கில் இருவரும் ஓர் அறையில் தனியாக மாட்டிக்கொண்டு சேர்ந்துவிடுவதாக எழுதியிருந்தார். பிடிக்கவில்லை. மனசு சோர்ந்து படுக்கப் போனார், மறுநாள் தெளிந்து எழுந்தார் என்று அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு இரண்டு அத்தியாயம் புதிதாக எழுதினார். அவள் வேறொருவரிடம் பெண் மனசின் உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் அவன் மேஜையில் எதையோ எழுதுகிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவளுக்கே கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேலை முடிந்தது. அடுத்த ஜூலையில் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். அச்சுக்கென்று முடித்த நாவல்களில் அவர் கையெழுத்தில் மிஞ்சியிருப்பது, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பக்கங்களும் அவற்றை ஒட்டிய கடைசி அத்தியாயமும்தான். லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக இருக்கிறது.

சரியானதைத் தூக்கி எறிந்தார், எறிந்ததும் தங்கிவிட்டது. என்னுடையதில் மஞ்சள் வெந்தது. இன்னொன்றும் பார். அந்த அம்மாள் சோர்ந்து படுத்தாராம். நான் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஏழு தடவையும் மோசமாகத் தெரிகிறது என்று நீ எழுதியிருக்கும் வரியைப் படித்தபோது எனக்கு உன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்குத் தெளிவாகத் தெரிந்ததே, அதுதான் வினை.

2018ல் பழைய நாவல்களைத் தொகுப்பாகப் போடலாம் என்று ஒரு பதிப்பகம் கேட்டது. அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதிச் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வடிவம் எழுதினேன். நாலும் நல்ல தமிழ், 1996ல் எனக்கு வராத தமிழ். முதல் வடிவத்தில் அந்த ஆள் ஊர் பேர் விசாரித்தான். இரண்டாவதில் வாய்க்கால் தண்ணி எந்த மதகு வரைக்கும் வந்திருக்கிறது என்று சொன்னான். மூன்றாவதில் 'ங்க'வை விட்டுவிட்டு ஒரு தடவை "வா" என்றான், எனக்கே கூசிப்போய்விட்டது. நாலாவதில் போகும்போது திரும்பிப் பார்த்தான். எழுதத் தெரிந்துகொண்ட பிறகு அவனைச் சும்மா நிற்க வைக்க எனக்கு வரவில்லை. தொகுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிப்பகத்துக்கு வருத்தம்.

மேடையில் குப்பை என்று சொன்னது இதனால்தான். முழு உண்மை இது இல்லை. நானே குப்பை என்று சொல்லிவிட்டால் வேறு யாரும் சொல்ல முடியாது பார், அந்தக் கெட்டிக்காரத்தனமும் உண்டு. உன் அம்மா உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தொடரில் எந்த இடத்தை வெட்டுவது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு நான் ஆளில்லை என்பது இவ்வளவு படித்த பிறகு உனக்கே தெரிந்திருக்கும். வெட்டுவதைத் தனியாக ஒரு ஃபைலில் போட்டு வை, அடுப்பில் மட்டும் போடாதே. முடிந்தால் அம்மாவுக்கு ஏதாவது கைவேலை இருக்கிற நேரமாகப் பார்த்துச் சத்தமாகப் படித்துக் காட்டு. முதலில் அந்தத் தோட்டக்காரனைத் தோட்டத்துக்கு அனுப்பு.

எனக்கு ஒரு உதவி செய். வீட்டில் இருக்கிற பிரதியில் 61ஆம் பக்கம் எடுத்துப் பார். "நாயகி ஊருக்குப் போய் வந்தாள்" என்று ஒரே ஒரு வரி இருக்கும், அடுத்த வரியில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் அம்மாவுக்கு அப்போது ஏதாவது தோன்றியதா என்று கேட்டு எழுது. ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் எழுது.

அன்புடன்,
அக்கா