கராஜ் கட்டுமுன் வரைபடத்தை மாற்றலாமா?

கேள்வி: அண்ணா, பின் வளவில் ஒற்றைக் கராஜ் கட்ட எங்களுக்குக் கவுன்சில் அனுமதி தந்திருக்கிறது. தட்டைக் கூரை, உயரம் 2.7 மீட்டர், உள் அகலம் 3 மீட்டர், நீளம் 6 மீட்டர். பக்கத்து வேலிக்கும் சுவருக்கும் இடையில் 1.2 மீட்டர். இப்போது பெரிய கார் வாங்கிவிட்டோம். அகலத்தை வேலிப் பக்கமாக 3.6 மீட்டர் ஆக்கவும், ஓட்டுக் கூரை போட்டு முகட்டை 3.8 மீட்டருக்கு உயர்த்தவும், தோட்டப் பக்கம் சின்னக் கதவொன்று வைக்கவும் விருப்பம். "கட்டுவோம், நாலு வருஷம் போனால் ஒருவரும் கேட்க ஏலாது" என்கிறார் பில்டர். சரியா? — வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, அந்த நாலு வருஷக் கதையை முதலில் விடுங்கள். இங்கிலாந்தில் அது 2024 ஏப்ரல் 25-இல் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் கட்டி முடிக்கிற கட்டடத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக் கவுன்சிலுக்குப் பத்து வருஷம் இருக்கிறது. பில்டர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான். மண்ணைத் தொடுவதற்கு முன் எழுதிக் கேட்டீர்களே, அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இன்றைக்கு மாற்றுவது கடதாசியில் ஒரு கோடு. அத்திவாரம் போட்டபின் மாற்றுவது கொங்கிறீட்.

உங்கள் மூன்று மாற்றங்களும் ஒரே அளவானவை அல்ல. தோட்டப் பக்கக் கதவு யாரையும் பாதிக்காது. அதை 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 96ஏ பிரிவில், சிறு திருத்தமாகக் கேட்கலாம். சாதாரணமாக 28 நாளில் பதில் வரும். ஆனால் சுவர் வேலிக்கு 60 சென்றிமீட்டர் கிட்டப் போவதையும், கூரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்வதையும் சிறு திருத்தம் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வார் என நான் நினைக்கவில்லை. அந்த இரண்டுக்கும் அதே சட்டத்தின் 73ஆம் பிரிவு, அதாவது அனுமதியின் நிபந்தனையை மாற்றித் தரக் கேட்கிற விண்ணப்பம். அதில் பக்கத்து வீட்டாருக்கும் அறிவிப்பார்கள். சாதாரணமாக எட்டுக் கிழமை.

விண்ணப்பிக்குமுன் அனுமதிக் கடிதத்தை எடுத்து வைத்து இரண்டு இடங்களை ஆறுதலாக வாசியுங்கள். ஒன்று, "இன்னின்ன இலக்க வரைபடங்களின்படி கட்ட வேண்டும்" என்ற நிபந்தனை. 73ஆம் பிரிவில் நீங்கள் மாற்றக் கேட்பது அதைத்தான். அது கடிதத்தில் இல்லாவிட்டால், முதலில் 96ஏ மூலம் அதைச் சேர்ப்பிக்க வேண்டும். மற்றது, மேலே உள்ள விவரணை வரி. "ஒற்றைக் கராஜ்" என்று மட்டும் இருந்தால் கவலையில்லை. "தட்டைக் கூரையுடன் கூடிய கராஜ்" என்று எழுதியிருந்தால் 73 உங்களுக்கு உதவாது. வேல்ஸில் 100 மீட்டர் உயரம் என்று விவரித்து அனுமதித்த காற்றாலைகளை 73ஆம் பிரிவால் 125 மீட்டர் ஆக்கப் பார்த்தார்கள். நிபந்தனையை மாற்றலாம், விவரணைக்கு முரணாகப் போக முடியாது என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கடிதத்தில் அப்படியொரு சொல் இருந்தால் புது விண்ணப்பம் போடுவதுதான் நேரான வழி.

73 மறுக்கப்பட்டால் கையில் இருப்பதும் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. கிடைத்தால் அது இன்னொரு தனி அனுமதி. பழையது அப்படியே இருக்கும். ஆனால் காலக்கெடு நீளாது. பழைய கடிதத்தில் மூன்று வருஷம் என்றிருந்தால் அதே திகதிதான் புதியதற்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறொன்று. வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் நிற்கும் கட்டடம் 2.5 மீட்டரைத் தாண்டியதால்தான் உங்களுக்கு அனுமதியே தேவைப்பட்டிருக்கும். தட்டைக் கூரையோடு 2.5 மீட்டருக்குள் அடக்கினால், 3.6 மீட்டர் அகலத்தில்கூடத் தனி அனுமதி இல்லாமலே கட்ட முடியலாம். அதற்கு உங்கள் வீடு ஃபிளாட்டாக இல்லாமல் முழு வீடாக இருக்க வேண்டும், அனுமதி கேளாமல் கட்டும் உரிமையைப் பழைய நிபந்தனை எதுவும் நீக்கியிருக்கக்கூடாது, வளவில் பாதிக்கு மேல் கட்டடங்கள் நிறைந்திருக்கக்கூடாது. அப்படியானால் சட்டப்படியானது என்ற சான்றிதழை மட்டும் கவுன்சிலிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக் கட்டணத்தில் பாதிதான். காருக்கு வேண்டியது அகலம். ஓட்டுக் கூரை அழகுக்குத்தான் என்றால் அதை விட்டுவிடச் சொல்வேன்.

கேள்வி: திட்ட அனுமதி கிடைத்தால் பில்டிங் கொன்ட்ரோல் தேவையில்லைத்தானே? — அதே வாசகி

பதில்: இரண்டும் வேறு வேறு. திட்ட அனுமதி அங்கே அதைக் கட்டலாமா என்று பார்ப்பது. பில்டிங் கொன்ட்ரோல் கட்டடம் பாதுகாப்பாகக் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது. உங்கள் புதிய அளவு உள்ளே 21.6 சதுர மீட்டர். 15-க்கும் 30-க்கும் இடைப்பட்ட தனிக் கராஜுக்கு, ஒரே தளமாக, படுக்கையறை இல்லாமல் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், அல்லது பெரும்பாலும் எரியாத பொருளால் கட்ட வேண்டும். பழைய வரைபடத்தில் 1.2 மீட்டர் இருந்தது. புதியதில் 60 சென்றிமீட்டர்தான். ஆகவே பலகைச் சுவர் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள். வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தால் மின்வேலைக்கான விதிகள் தனியாகப் பொருந்தும். பக்கத்து வீட்டுச் சுவர் 3 மீட்டருக்குள் இருந்து, அதன் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டுவதென்றால், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு முன்பே அவர்களுக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். அதற்கு முன் ஒருநாள் நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். 73ஆம் பிரிவு விண்ணப்பத்துக்கு அவர்கள் ஆட்சேபம் எழுதாமல் இருக்கவும் அது உதவும்.