அப்புச்சியின் எம்ஜிஏ

அன்புள்ள ஐயா,

என் அம்மாவின் ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். சென்ற தை மாதம் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றில் 1957-ஆம் ஆண்டின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார் என் பங்குக்கு வந்திருக்கிறது. தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பியபோது அப்புச்சி அதை வாங்கினாராம். பிற்பாடு என்ஜினில் விரிசல் விழுந்துவிட்டதால் அம்பாசடர் என்ஜினை வைத்து ஓட்டியிருக்கிறார். பழைய இரட்டைக் கார்புரேட்டரைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார். கார் முப்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது.

ஜப்பானிய இசுசு என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வைத்தால் பறக்கும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். இங்கிலாந்திலிருந்து அசல் என்ஜினைத் தருவித்து, ஆணி முதற்கொண்டு பழையபடி ஆக்கு என்கிறார் பெங்களூர் நண்பர். மின்மோட்டார் வைக்கச் சொல்கிறான் என் மச்சான். எனக்கு இருப்பது ஒரே ஆசை. அப்புச்சி போனதுபோல ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அதில் ஏறிப் போகவேண்டும். நீங்கள் உங்கள் மாமாவின் பழைய ஹெரால்டு காரைச் சீரமைத்தவர் என்பதால் கேட்கிறேன். சிவப்பு வண்ணம் அடிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

மூன்று யோசனைகளுக்கும் நடுவே உங்கள் ஆசையை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மற்ற எல்லாவற்றையும் முடிவுசெய்ய வேண்டியது அந்த வரிதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதற்கு எந்த என்ஜினும் போதும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். 1957-இன் எம்ஜிஏவில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள்தான். அதிலும் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே என்பதால், ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் கைவிட்டுவிடும், பிறகு கைபிரேக் மட்டுமே மிஞ்சும். எனவே செலவின் முதற்பகுதி அங்கேதான் போகவேண்டும்.

இதைச் சொல்லும் தகுதியை நான் அடிபட்டுப் பெற்றேன். என் மாமாவின் கார் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்ற அவசரத்தில் முதலில் டிங்கரிங்கும் பெயிண்டும் முடித்தேன். பிரேக் ஓஸ்கள் வெளியே பார்ப்பதற்கு நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. பழைய ரப்பர் ஓஸ் உட்புறமாக வீங்கும். மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. முன்சக்கரம் ஒன்று பிடித்தபடியே பத்துக் கிலோமீட்டர் ஓடி, டிரம்மிலிருந்து புகை வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. புதிய பெயிண்ட் கொப்பளித்ததை என் வீட்டார் இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆகவே ஓஸ்கள், குழாய்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். அதற்கு மேல் ஒரு மேம்பாடும் செய்யலாம்: 1959-இல் வந்த எம்ஜிஏ 1600-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். முன் அச்சின் சில உறுப்புகளையும் சேர்த்து மாற்றவேண்டியிருக்கும் என்றாலும், அந்தக் காரின் தம்பிக்கு எம்ஜி கார்களைக் கட்டிய அதே ஆபிங்டன் தொழிற்சாலை செய்த திருத்தம் என்பதால் அதை நான் அந்நியமாகக் கருதமாட்டேன். கழற்றிய டிரம்களைத் துடைத்து எண்ணெய் பூசி, அப்புச்சி வழியிலேயே பரணில் போட்டுவையுங்கள்.

இனி என்ஜின். உங்கள் நண்பர் அம்பாசடர் என்ஜினை ஒரு கறையாக நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. எம்ஜிஏவில் முதலில் வந்தது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற வரிசையைச் சேர்ந்த 1489 சிசி என்ஜின். அம்பாசடருக்கு 1959-இல் வந்ததும் அதே குடும்பத்தின் அதே 1489 சிசிதான். சிலிண்டரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும்கூட ஒன்றே, 73 மில்லிமீட்டரும் 88.9 மில்லிமீட்டரும். ஒன்று இரட்டை எஸ்யு கார்புரேட்டரோடு 70 குதிரைத்திறனை ஒட்டித் தந்தது, மற்றது ஒற்றைக் கார்புரேட்டரோடு குடும்பத்தைத் திருமணத்துக்கு ஏற்றிச் சென்றது, கண்ணில் படும் வேறுபாடு அதுதான். இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்த காலத்தில் பொள்ளாச்சியில் இருந்துகொண்டு உங்கள் அப்புச்சி செய்தது ஒட்டுவேலை அன்று, பங்காளி வீட்டில் பெண் எடுத்ததற்குச் சமம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டபோதிலும் அதன் உதிரிபாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் இன்னும் தேடினால் கிடைக்கின்றன. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் அந்த என்ஜினை ரீபோர் செய்யத் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்கத்) தெரிந்த கைகளும் உண்டு.

அதை இப்போதே முடுக்கிப் பார்த்துவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்து, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். பெட்ரோல் தொட்டியின் அடியில் முப்பது ஆண்டுப் பிசினும் துருவும் இருக்கும் என்பதால் அதைக் கழற்றிக் கழுவியாகவேண்டும். தலைப்பகுதியைத் திறக்கும்போது, ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும்படி எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட்டுகள் வையுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதால் பழைய ரப்பரும் கார்க்கும் அதில் கெடும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதோடு, கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டுபோகாதபடி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் எஸ்யு ஜெட்டைச் சிறிது இறக்கியும் வைக்கவேண்டும். சாக்கில் கட்டிவைத்த இரட்டைக் கார்புரேட்டரை மறுபடி பூட்டவேண்டும் என்பதே என் ஆசையும். அது பொருந்துமா, அதை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு குழாய்க்கு என்ன செய்வது என்பதைப் பட்டறையில் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

இசுசு என்ஜினை நான் மறுப்பது உணர்ச்சியால் மட்டும் அல்ல. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் ஒன்றிய அரசு தனிப்பதிவு முறை கொண்டுவந்தது; எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூலவடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இசுசுவோ மின்மோட்டாரோ ஏறியபின் அந்தக் கதவு மூடிவிடும். அம்பாசடர் என்ஜினை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் விஏ பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கன்றிச் சாலையில் ஓட்டக்கூடாது. நினைத்தபோது வால்பாறைக்குப் போக விரும்புகிற நீங்கள், சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அப்புச்சி என்ஜினை மாற்றியது ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் ஆர்டிஓ அலுவலகப் படி ஏறுவதே உங்கள் முதல் வேலை.

துருவைப் பற்றி ஒரு சொல். எம்ஜிஏவின் கதவுகளும் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம் என்பதால் அவை பளபளவென்று இருந்து உங்களை ஏமாற்றும். தரைப்பலகைகள் மரத்தாலானவை, அவற்றைத் தாங்கும் சேஸிஸ் சட்டங்களிலும், இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் உட்காரும் தட்டுகளிலும்தான் நீர் தங்கி இரும்பு கரைந்திருக்கும். பலகைகளைத் தூக்கி, சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ஓசையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கதவோரத்து அடிப்பகுதியை வெட்டி வெல்டிங் செய்யும்போது பாடி சேஸிஸிலேயே பூட்டியிருக்கவேண்டும், கதவுகளும் மாட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் பிறகு அந்தக் கதவுகள் எக்காலத்திலும் சரியாக அடையாது. (அந்தக் கதவுகளுக்கு வெளிப்புறக் கைப்பிடியே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? கையை உள்ளே விட்டு ஒரு கம்பியை இழுக்கவேண்டும். பூட்டும் கிடையாது.)

வயரிங்கைத் தொடுமுன் இன்னொன்று: அந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழக்கத்தின் பேரில் எதிர்முனையை இணைத்துவிடாதீர்கள்.

சிவப்பு அடிக்கலாமா என்றால், கொஞ்சம் பொறுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், கார் எந்த நாளில் தயாரானது, என்ன வண்ணத்தில் வெளியேறியது என்பதற்கான சான்றிதழைப் பிரிட்டனில் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் கட்டணம் பெற்றுக்கொண்டு தருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டிப் பார்த்தாலும் அடிவண்ணம் தெரியும். இரண்டையும் பார்த்தபின், உங்கள் அம்மாவிடம் அவருடைய சிறுவயதில் கார் என்ன நிறத்தில் இருந்தது என்று கேளுங்கள். மூன்றும் ஒத்துப்போகாமல் போனால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அதற்குள் பிரேக் வேலை முடிந்திருக்கட்டும்.