"விட்டதைப் பிடித்துவிடுவேன்" என்கிறாரே! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நகைக்கடன் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நகையை விட ரம்மிதான் அதிகம். எதற்காக அடகு வைத்தோம் என்று எழுத ஆரம்பித்தவர்கள் பலரும் செல்போன் சீட்டாட்டத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வேலூரிலும் குடியாத்தத்திலும் வங்கி நகைக்கடன் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே பதில் சொல்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

கே: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் சீட்டுக்கு உட்கார்ந்தால் என்னை ஜெயிக்க எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் செல்போனில் ஆடிய ஒரு வருஷமும் பணம் கரைந்துகொண்டேதான் போனது. ஏமாற்றினார்களா அம்மா?

ப: நீங்கள் நல்ல ஆட்டக்காரர் என்பதை நம்புகிறேன் தம்பி. ஏமாற்றாமலேயே உங்கள் பணம் போயிருக்கும். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த சீட்டாட்டம் பற்றிய வழக்கு அது. சட்டப் புத்தகங்களில் 1968ஆம் வருஷத்துத் தீர்ப்பாக வரும். விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைக் கையில் வைப்பது எதை இறக்குவது என்று தெரிய வேண்டும், அதனால் மூன்று சீட்டு மாதிரி இது முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்றார்கள் நீதிபதிகள். சரி. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்திலிருந்து இடம் கொடுத்தவர் லாபம் எடுத்தால், அது குற்றமாகலாம் என்கிறது. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

இப்போது அந்த லாபத்தைப் பாருங்கள். நீங்களும் இன்னொருவரும் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறீர்கள். மேசையில் 200. கம்பெனி பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு வருவது 180. அதாவது 80 ரூபாய் லாபம். தோற்றால் முழுசாக 100 நஷ்டம். இரண்டு பேரும் சமமான ஆட்டக்காரர்கள், பத்து ஆட்டம் ஆடி ஆளுக்கு ஐந்து ஜெயிக்கிறீர்கள். உங்களுக்கு வந்தது 400, போனது 500. எதிராளிக்கும் அதே கதி. இரண்டு பேரிடமிருந்தும் 100, 100 என்று 200 ரூபாய் கம்பெனிக்குப் போய்விட்டது. கைக்காசு போகாமல் சமாளிக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் நீங்கள் ஜெயிக்க வேண்டும். அந்த மேசைக்கு வருகிறவரும் தன் சொந்தத்தில் தன்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று நினைத்து வருகிறவர்தானே?

மண்டபத்தில் இப்படி யாரும் எடுப்பதில்லை. மாமா தோற்றது மச்சானுக்குப் போகும், அடுத்த கல்யாணத்தில் திரும்பி வரும்.

அதன் மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல், உள்ளே கட்டும் பணத்துக்கே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. வரியோடு சேர்த்து 10,000 கட்டினால் அதில் 2,187 ரூபாய் வரி. சில கம்பெனிகள் அதை போனஸ் என்று திருப்பிப் போட்டுக் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டன. ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பது அதே வருஷம் ஏப்ரலில் தொடங்கியது. இதில் தோற்ற பணத்தைச் சம்பளத்திலோ வியாபாரத்திலோ கழித்துக் காட்டவும் வழி கிடையாது.

எனக்கு இதை விடப் பெரிதாகத் தெரிவது வேகம். வீட்டில் சீட்டைக் கலைத்து, வெட்டி, ஆளுக்கு 13 போட்டு, ஜோக்கரைத் திருப்பி வைத்து, கையில் அடுக்குவதற்குள் யாராவது டீ கேட்பார்கள். ஒருவர் டிக் அடித்து ஆட்டத்தை முடித்த பிறகு பாயின்ட் எண்ணுவதில் ஒரு சண்டை, "ஒரிஜினல் ரம்மி (ஜோக்கர் சேராத வரிசை) எங்கே காட்டு" என்று இன்னொரு சண்டை. போனில் இது எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்த நொடியில் அடுத்த கை வந்து விழுகிறது. ஆட்டீன் 5, 6 வைத்துக்கொண்டு 7-க்குக் காத்திருந்து ஃபுல் கவுண்ட், அதாவது முழுத் தோல்விக்கான 80 பாயின்ட் வாங்கியவருக்கு, ‘அடடா, ஒரு சீட்டில் போச்சே' என்று ஆறுவதற்குக்கூட நேரம் கிடைக்காது. ஆடாமல் முதலிலேயே சீட்டைக் கவிழ்த்து ஸ்கூட் விட்டிருந்தால் 20 பாயின்டோடு போயிருக்கும் என்று மண்டபத்தில் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் தோன்றாது.

கே: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லுங்கித் தறியில் வாரக் கூலிக்குப் போகிறார். நடு ராத்திரி எழுந்து பார்த்தால் போர்வைக்குள் வெளிச்சம். வளையல், செயின் எல்லாம் அடகில். "இன்னும் ஒரே தடவை, கம்மலைக் கொடு, விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்" என்று பெண் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். கொடுக்கட்டுமா?

ப: கொடுக்காதீர்கள் அம்மா. யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கொடுக்காதீர்கள்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். சூதாட்டத்தை நிறுத்த முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போகிறாரா என்பது மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று. நீங்கள் கேட்காமலேயே உங்கள் வீட்டுக்காரர் அதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறார்.

எங்கள் கவுன்டருக்கு ஒருவர் காலையில் கதவு திறந்ததும் வந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி கம்மல். ஒன்றில் திருகு இருந்தது, மற்றதில் இல்லை. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு "திருகு எங்கே?" என்று கேட்டார். "அவசரத்தில் எங்கேயோ விழுந்திடுச்சு சார்" என்றார் அவர். தூங்குகிறவள் காதிலிருந்து கழற்றியதா, அழுதுகொண்டே அவளே கழற்றிக் கொடுத்ததா, எனக்குத் தெரியாது. இரண்டு கிராம்கூடத் தேறாத பொருள். அதற்கு வந்த பணத்தை வாங்கிக்கொண்டு, படி இறங்குவதற்கு முன்பே அவர் போனை எடுத்துவிட்டார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தால் கவுன்டரில் இருப்பவர் மறுக்க முடியாது. அந்தக் கம்மல் வீட்டிலேயே நின்றிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைக் கேளுங்கள். தறி முதலாளியிடம் நீங்களே போய், வாரக் கூலியை உங்கள் கையில் கொடுக்கும்படி கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், இதைக் கேட்கும் முதல் பெண் நீங்கள் இல்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், அவர் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யை எடுத்துவிட எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்கு பட்டன் போன் போதும். அடகு ரசீதுகளை அவர் பர்சில் விடாமல் நீங்கள் வாங்கி வையுங்கள். ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரும். தபால்காரர் கொண்டுவந்தால் பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். முடிந்த வட்டியைக் கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

வெளியில் யாரிடமாவது மீட்டர் வட்டிக்கு வாங்கியிருந்தால், தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்திலிருந்தே கந்து வட்டிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்திலும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மகளிர் குழுவில் உங்கள் பெயரில் கடன் எடுத்து அவர் கடனை அடைக்காதீர்கள். அவர் கை காலியானதும் உங்கள் பெயரில் புதுக் கடன் நிற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

அப்புறம் மருத்துவம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிட்டால் காசில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரத்திலும். நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. "பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே" என்று அவர் மறுக்கலாம். அப்படியானால் முதல் தடவை தூக்கம் வரவில்லை என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். அது பொய்யும் இல்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால், கோபத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். கடனை விட ஆள் முக்கியம். இதை அவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கே: ஆற்காட்டில் பேரன் பேத்திகளோடு இருக்கிறேன். பொங்கலுக்கு எல்லாரும் வந்தால் புளியங்கொட்டை வைத்து ரம்மி ஆடுவோம். அதுவும் தப்பா?

ப: ஒரு தப்பும் இல்லை ஐயா, நன்றாக ஆடுங்கள். பேத்திக்கு விழுந்த சீட்டை நினைவில் வைக்கக் கற்றுக்கொடுங்கள். புளியங்கொட்டைக்குப் பதில் ரூபாய் வந்தால் மட்டும் நீங்கள் எழுந்துவிடுங்கள். பெரியவர் எழுந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

கே: ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தடை செய்தார்கள், கோர்ட் ரத்து செய்தது, மறுபடி தடை என்று மாறி மாறிக் கேட்கிறோம். இப்போது ஆடலாமா, கூடாதா? டெலிகிராமில் இன்னும் லிங்க் வருகிறதே?

ப: குழப்பம் நியாயமானதுதான். 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் சட்ட மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே வருஷம் நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றம் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 தொடக்கத்தில் மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதை நீதிமன்றம் ஏற்றது.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மத்தியச் சட்டத்தை நிறைவேற்றியது; 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது அது. நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 வருஷம், 50 லட்சம். ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை வைக்கவில்லை. எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. பெரிய கம்பெனிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

அப்படியானால் டெலிகிராமில் லிங்க் அனுப்புவது யார் என்று யோசித்துப் பாருங்கள். சட்டத்துக்குப் பயந்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு இங்கே முகவரி கிடையாது. பணத்தையும் அவர்கள் யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். முதலில் 500 ஜெயிக்க விடுவார்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்துவதற்கு அவ்வளவு வாய்ப்பு. உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கு முடங்கும், விசாரணை உங்கள் வீட்டுக்கு வரும்.

கே: காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ரம்மிக்காக லோன் ஆப்பில் 15,000 எடுத்தேன். இப்போது என் போனில் உள்ள எல்லாருக்கும் மெசேஜ் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள். வீட்டில் தெரியாது.

ப: தம்பி, இன்னொரு ஆப்பில் எடுத்து இதை அடைக்காதே. முதலில் அந்த ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் இருக்கிறதா என்று பார். கடன் ஆப்கள் உன் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. மிரட்டும் மெசேஜ்களை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. 1930-லும் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடு. போன் அமைப்பில் போய் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிடு. நின்றுபோன ரம்மி ஆப்பில் ஏதாவது மீதி இருந்தால் எடுக்க முடியுமா என்று பார். பெரிய கம்பெனிகள் ஆட்டத்தை நிறுத்தியபோது அதை அனுமதிப்பதாக அறிவித்தன.

வீட்டுக்கு அவர்கள் மெசேஜ் போவதற்கு முன் உன் வாய் வழியாகப் போகட்டும். இந்த சனிக்கிழமையே ஊருக்குப் போ. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வங்கி ஸ்டேட்மென்டோடு அப்பா அம்மா முன்னால் வை. திட்டு விழும். விழட்டும், அதற்குப் பிறகு மிரட்டுகிறவனிடம் மிரட்ட ஒன்றும் மிச்சம் இருக்காது. தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் உன் கல்லூரியில் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரை முதலில் பார்த்து, அவரைப் போனில் பேசச் சொல். என்ன நடந்தது என்று எனக்கும் எழுது.