ஏற்காட்டில் எடுத்த மழை, ஓடை அளவீடுகளைப் பன்னாட்டுப் புவி அறிவியல் தரவுப் பட்டியலில் சேர்க்க மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய விவரக்குறிப்பு) எப்படி எழுதுவது?

கேள்வியில் உள்ள நிலைமை இது: சேலத்துக் கல்லூரித் துறை ஒன்றிடம், அடிவாரம் முதல் ஏற்காடு வரை வைத்த மழைமானிகளின் பல ஆண்டு அளவீடும், சில ஓடைகளின் நீர்மட்டமும் எக்ஸெல் கோப்புகளாக இருக்கின்றன. நாசாவின் சிஎம்ஆர் (புவி அறிவியல் தரவுகளின் மெட்டாடேட்டா களஞ்சியம்) போன்ற பொதுப் பட்டியலில் அவை தேடக் கிடைக்க வேண்டும். படிவத்தைத் திறந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

படிவத்தை இப்போதைக்கு மூடிவிடுங்கள். கையில் இருப்பது எத்தனை டேட்டாசெட் (தரவுத் தொகுப்பு) என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கோப்புக்கு ஒரு பதிவு போட்டால், தேடுகிறவர் முன்னால் ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். அவர் அடுத்த பக்கம் போய்விடுவார். எல்லாவற்றையும் ஒரே பதிவில் திணித்தால் எந்தத் தேடலிலும் சரியாகச் சிக்காது. கருவி வகை, அளந்த முறை, கால இடைவெளி மூன்றும் ஒத்திருந்தால் ஒரு பதிவு. அந்தக் கணக்கில் உங்களுக்கு மூன்று பதிவுகள் போதும்: கையால் எடுத்த தினசரி மழை, லாகர் (தானாகப் பதியும் கருவி) பதிந்த 15 நிமிட மழை, ஓடை நீர்மட்டம். ஆண்டுக்கொரு பதிவு வேண்டவே வேண்டாம்.

பட்டியல் தரவை வாங்கி வைத்துக்கொள்ளாது. தரவு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எனவே கோப்புகளை முதலில் ஒரு நிலையான களஞ்சியத்தில் ஏற்றி டிஓஐ எண் (இணையத்தில் மாறாத அடையாள எண்) வாங்குங்கள். ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியம் இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்கும். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்தால், அந்தக் கணக்கை வைத்திருந்த ஆய்வு மாணவர் படிப்பை முடித்துப் போனதும் இணைப்பும் போய்விடும். தொடர்பு மின்னஞ்சலுக்கும் இதே கதிதான். துறையின் பொது முகவரியைக் கொடுங்கள்.

இனி இடம். பதிவுகள் அதிகம் கெடுவது இங்கேதான். பழைய நோட்டில் 11°47' என்று இருப்பதை அப்படியே 11.47 என்று தட்டிவிடுவார்கள். சரியான மதிப்பு 11.783, நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமல் விட்டால் ஏற்காட்டு மழைமானி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே இறங்கி ராசிபுரம் பக்கம் போய் நிற்கும். அதுவும் தமிழ்நாட்டுக்குள்தான் என்பதால் வரைபடத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கும் தப்பிவிடும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றினால் கண்டுபிடிப்பது சுலபம்: 78.21 வடக்கு, 11.78 கிழக்கு என்பது ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருப்பதும் அந்தத் தீவுக்கூட்டத்தில்தான். அதற்காக சேலத்து மழைமானி அங்கே போக வேண்டியதில்லை.

தரவு எடுத்த பகுதியைச் சுற்றி வரையும் எல்லைப் பெட்டிக்கு நான்கு எண்கள்: மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு. உங்கள் மானிகளில் நான்கு பக்கமும் கடைசியாக நிற்பவற்றின் ஆயங்களையே (அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகள்) கொடுங்கள். பாதுகாப்புக்கு என்று மாவட்டம் முழுவதையும் வளைத்துப் போட்டால், மேட்டூர் மழையைத் தேடுகிறவருக்கும் உங்கள் பதிவு வந்து நிற்கும். ஆயங்களைப் பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து எடுத்திருந்தால் அவை எவரெஸ்ட் தளம் என்ற பழைய புவி அளவீட்டு அடிப்படையைச் சார்ந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படைக்கு மாற்றாமல் விட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளும். தினசரி மழைக்கு அது பெரிய விஷயமில்லை. ஓடை அளவுகோலுக்கு அது பக்கத்து ஓடையாகிவிடலாம்.

பெட்டி சொல்லாத ஒன்று உயரம். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1500. நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இவ்வளவு ஏற்றம் இருக்கும்போது, ஒவ்வொரு மானியின் உயரமும் தெரியாத மழைத்தரவு பாதிப் பயன்தான். அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்தா, ஜிபிஎஸ் தரும் நீள்வட்டத் தளத்திலிருந்தா (பூமிக்கான கணித வடிவம்) என்றும் எழுத வேண்டும். நம் பகுதியில் இரண்டுக்கும் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம்.

நேரத்துக்கு வருவோம். இந்தியாவில் தினசரி மழையைக் காலை 8.30-க்கு அளக்கிறோம், யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் அது 03:00. ஜூன் 1 என்று எழுதிய மழையில் பெரும்பகுதி மே 31 பகலிலும் இரவிலும் பெய்தது. இதைப் பதிவின் சுருக்கத்தில் (தரவை விளக்கும் பத்தி) ஒரு வரியாகச் சொல்லாவிட்டால், செயற்கைக்கோள் மழையோடு ஒப்பிடுகிறவருக்கு எல்லாமே ஒரு நாள் தள்ளித் தெரியும். லாகர் தரவில் சிக்கல் இன்னும் கூர்மை. மாலை 4 மணிக் கோடைமழையை இந்திய நேரத்தில் பதிந்துவிட்டு யுடிசி என்று குறித்தால், அது இரவு 9.30 மழையாகிவிடும். நாசாவின் ஐமெர்க் போன்ற அரைமணிச் செயற்கைக்கோள் மழைத் தரவோடு அது எந்நாளும் பொருந்தாது. தேதியை 2019-06-01 வடிவில் மட்டும் எழுதுங்கள். 05-06-2021 என்று இருந்தால் எக்ஸெல் அதை மே 6 ஆக்கினாலும் ஆக்கும். அளவீடு தொடர்ந்துகொண்டிருந்தால் முடிவுத் தேதியை விட்டுவிட்டு, ‘தொடர்கிறது’ என்ற தேர்வைக் குறியுங்கள். எதிர்காலத் தேதி போடுவது தவறு.

திறவுச்சொற்களை நாமாக உருவாக்கக் கூடாது. ஜிசிஎம்டி என்ற நாசாவின் கட்டுப்பாட்டுச் சொற்பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுக்க வேண்டும். எர்த் சயின்ஸ் > அட்மாஸ்பியர் > பிரெசிப்பிடேஷன் > பிரெசிப்பிடேஷன் அமௌன்ட் என்று படியிறங்கும். முதல் மூன்று படிகள் கட்டாயம், அதற்குக் கீழே விருப்பம். ஆனால் கீழே போகப் போகத்தான் தேடலில் சரியாக அகப்படும். நீங்கள் அளக்காத ஒன்றின் சொல்லைச் சேர்க்காதீர்கள். மழை இருக்கிறது என்பதற்காக ‘காலநிலை மாற்றம்’ என்று ஒட்டுவது தேடுகிறவரை ஏமாற்றுவதுதான். அந்தப் பட்டியலின் இடப்பெயர்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலை, ஊர்ப் பெயர்களைக் கட்டற்ற திறவுச்சொல்லாக, ஆங்கிலத்தில் புழங்கும் எல்லா எழுத்துக்கூட்டிலும் கொடுங்கள். ஓடைத் தரவுக்கு ஆற்றுப்படுகையின் பெயர் கட்டாயம் வேண்டும். சேர்வராயனில் விழும் தண்ணீர் இரண்டு பக்கம் பிரிகிறது: திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன, வாணியாறு வடக்கே இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. நீரியல்காரர்கள் தேடுவதே படுகைப் பெயரில்தான்.

தலைப்பு தனியாக நின்றே பொருள் தர வேண்டும். ‘ரெயின்ஃபால் டேட்டா ஃபைனல்’ என்பது உங்கள் கணினிக்கு மட்டும் புரியும். என்ன, எங்கே, எந்த இடைவெளியில், எந்த ஆண்டுகள் என்ற நான்கும் தலைப்பில் வரட்டும். சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். அதில் மலையின் எழில் வேண்டாம், ஆய்வின் நோக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும். மானிகளின் எண்ணிக்கை, வகை, அலகு, விடுபட்ட நாளுக்கான குறி, தெரிந்த குறைகள் ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். மானியின் வாய் 100 சதுர சென்டிமீட்டரா 200-ஆ என்று எழுதுங்கள். அளவுச்சாடி மாறியிருந்தால் மழை பாதியாகவோ இரட்டிப்பாகவோ பதிவாகியிருக்கும், பின்னால் வருகிறவர் அதைப் பிடிக்க இந்த ஒரு எண் உதவும். லாகர் மானி கவிழ்வாளி வகை (நிரம்பியதும் கவிழ்ந்து எண்ணும் சிறு வாளி) என்றால் ஒரு கவிழ்ப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது வேண்டும். மரத்தடியில் புனல் இலையால் அடைத்துக்கொண்ட நாட்களில் லாகர் காலியாக விடாது, 0 என்று எழுதும். அப்படிச் சந்தேகமான நாட்களை -999 ஆக்கிவிட்டு, ஆக்கியதைச் சுருக்கத்தில் சொல்லுங்கள். மழையே இல்லாத 0 வேறு, அளக்காத நாள் வேறு.

உரிமத்துக்கு சிசி பிஒய் 4.0 என்ற திறந்த உரிமம் போதும், பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். ஆனால் ஒப்பிடுவதற்காகப் பிற துறையிடம் வாங்கிய அளவீடு அதே கோப்பில் கலந்திருந்தால், அதை வெளியிடும் உரிமை உங்களுடையது அல்ல. பிரித்தெடுத்துவிட்டு, எங்கிருந்து பெறலாம் என்று மட்டும் எழுதுங்கள். தனியார் காபி எஸ்டேட்டுக்குள் மானி இருந்தால் ஆயங்களை வெளியிட உரிமையாளரின் சம்மதமும் தேவை. அவர் தயங்கினால் இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் அளவு மங்கல் தினசரி மழைக்குத் தாங்கும்.

இப்போது படிவத்தைத் திறக்கலாம். எம்எம்டி (சிஎம்ஆர் பதிவுகளை எழுதும் நாசாவின் கருவி) போன்ற இணையப் படிவத்தில் நிரப்பினால் அமைப்புப் பிழைகளை அதுவே காட்டும். எக்ஸ்எம்எல் (கணினி படிக்கும் குறியீட்டு வடிவம்) கோப்பைக் கையால் எழுதினால், & குறியை மாற்றாமல் விட்டதாலோ கூறுகளின் வரிசை மாறியதாலோ சரிபார்ப்பானிடம் மாட்டிக்கொள்ளும். பிழை இருந்தால் ஏற்காது. எச்சரிக்கை இருந்தால் ஏற்கும். அந்த எச்சரிக்கைகளையும் தீர்த்துவிட்டே அனுப்புங்கள். சரிபார்ப்பான் பார்ப்பது வடிவத்தைத்தான். ராசிபுரத்தில் நிற்கும் ஏற்காட்டு மானியை அது தடுக்காது. அனுப்புமுன் நான்கு மூலைகளையும் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

பதிவின் அடையாளப் பெயரை ஒருமுறை வைத்தால் மாற்றக் கூடாது. அடுத்த ஆண்டின் அளவீட்டைச் சேர்க்கும்போது அதே பெயரில் பதிப்பு எண்ணை உயர்த்தி, திருத்திய தேதியை மாற்றி, புதிய டிஓஐயை இணையுங்கள்.