ஊதியம் பெறாத உழைப்பை எந்தச் சொல்லால் குறிப்பது?

கேள்வி: எங்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளைத் தணிக்கையாளர் ஒருவர் ஆண்டுதோறும் பணம் வாங்காமல் சரிபார்த்துத் தருகிறார். ஆண்டறிக்கையில் ‘இலவசமாகச் செய்து கொடுத்தார்’ என்று எழுதியிருந்தேன். அது அவருடைய உழைப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்கிறார் செயலாளர். இலவச சேவை, தன்னார்வப் பணி, கௌரவப் பணி, ஊதியமில்லாப் பணி ஆகியவற்றுள் எது பொருந்தும்?

பதில்: செயலாளர் சொல்வதே சரி என்று கருதுகிறேன். ‘இலவசம்’ என்பது பெறுகிறவர் பக்கம் நின்று பேசும் சொல். அவருக்குச் செலவில்லை என்பதைத் தெரிவிக்குமே அன்றி, செய்தவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைத் தெரிவிக்காது. இலவச மருத்துவ முகாம், இலவச சட்ட உதவி என்று அறிவிக்கும்போது அது மிகப் பொருத்தமானது, ஏனெனில் வருகிறவர் அறிய விரும்புவது தாம் பணம் கட்ட வேண்டுமா என்பதைத்தான். அந்த முகாமில் இருக்கும் மருத்துவர் மாதச் சம்பளம் வாங்குபவராகவும் இருக்கலாம். நன்றி கூறும் இடத்தில் ‘கட்டணம் பெறாமல் தணிக்கை செய்து தந்தார்’ என்று எழுதுங்கள். தமக்கு உரிய தொகையை அவரே வேண்டாமென்று விட்டது அதில் தெளிவாக விளங்கும். இன்னும் நெகிழ்ச்சியோடு சொல்ல விரும்பினால் ‘கைம்மாறு கருதாமல்’ என்ற தொடர் இருக்கிறது. வள்ளுவர் மழையின் உதவியை ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ (குறள் 211) என்று குறித்த பெருமை அதற்கு உண்டு.

‘தன்னார்வப் பணி’ தவறில்லை. ஆனால் தொழில்திறனைக் கொடையாகத் தந்தார் என்பது அதில் வெளிப்படாது. ‘கௌரவ’ என்பதை நம்பி ஊதியமில்லை என்று முடிவுசெய்யவும் இயலாது. கௌரவத் தலைவர் பெரும்பாலும் எதுவும் பெறுவதில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களோ மாதந்தோறும் ஊதியம் பெறுகிறார்கள்.

‘ஊதியமில்லாப் பணி’ என்பதை உங்கள் அறிக்கையில் தவிர்க்கச் சொல்வேன், ஆனால் அதை இழந்துவிடக் கூடாது. பணம் தரப்படவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. விரும்பிச் செய்தாரா, வேறு வழியின்றிச் செய்தாரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவரின் உழைப்பையும், பயிற்சி என்ற பெயரில் சம்பளமின்றி வேலை வாங்கப்படும் இளைஞரின் உழைப்பையும் ‘சேவை’ என்று எழுதினால், தரப்படாத ஊதியம் தாமாக ஈந்த கொடையாக மாறிவிடுகிறது. 2013-இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, சொந்த வீட்டுத் தேவைக்கான உழைப்பு, ஊதியமற்ற பயிற்சிப் பணி, தன்னார்வப் பணி ஆகிய மூன்றையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. அச்சுறுத்தி வாங்கும் வேலைக்குக் ‘கட்டாய உழைப்பு’ என்ற பெயரே உரியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்கு ‘வெட்டி’ என்று பெயர். இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்றே பொருள்கொள்கிறோம் என்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: தன்னார்வலருக்குப் பயணச் செலவைக் கொடுத்தால், ‘ஊதியமின்றி’ என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம். அவர் கையிலிருந்து செலவழித்ததைத் திருப்பித் தருவது ஊதியம் ஆகாது. செலவுக்கு மேல் ஒரு தொகை தந்தால் அது மதிப்பூதியம். அப்போது ‘மதிப்பூதியம் பெற்று’ என்றே எழுதுங்கள்.